ஆலந்தூர் மாடியும் தாழப் பறந்த விமானங்களும்

மார்கழி முழுதும், சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மேற்கே உள்ள அனகாபுத்தூரில் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு கூரையை உரசுவதுபோல் இறங்கும் என்று முன்பு ஒருவர் பகிர்ந்திருந்தார். அதே மார்கழியில், நிலையத்தின் கிழக்குப் பக்கம் ஆலந்தூரில் எங்கள் வீட்டுக்கு மேலே அவை ஏறிக்கொண்டிருக்கும். ஒரே ஓடுதளத்தின் இரண்டு பக்கங்களில் அவரும் நாங்களும் வாழ்ந்திருக்கிறோம்!

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எதிர்த்துத்தான் எழும்பும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுதளத்தில் ஒரு முனைக்கு 07, மறுமுனைக்கு 25 என்று எண். திசைகாட்டியில் 70 பாகை, 250 பாகை என்பதன் சுருக்கம். ஆடியில் மேற்குக் காற்று வீசும்போது விமானம் கடல் பக்கமிருந்து வந்து, கிண்டியைத் தாண்டி, எங்கள் மாடிக்கு மேலாக இறங்கும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 50 மீட்டர் தாழ்ந்துகொண்டே வருவதால், துணி உலர்த்த நிற்பவருக்கு அதன் வயிற்றிலுள்ள எண்ணெய்க் கறைகூடத் தெரியும். பரங்கிமலை உச்சிக்குப் போனால் அதே விமானம் கண்மட்டத்தில் போகும். சிறுவயதில் ஞாயிறு மாலைகளில் அதற்காகவே அந்தப் படிகளில் ஏறியிருக்கிறோம்.

இறங்கும்போது ஒரு கீச்சொலி, நொடியில் போய்விடும். ஏறும் விமானத்தின் ஓசை வேறு. நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கி, அலமாரித் தட்டுகளை அதிரவைத்து, மெல்ல மெல்லத்தான் அடங்கும். ஐப்பசியில் காற்று வடகிழக்கு வாடையாகத் திரும்பியதும் அது தொடங்கிவிடும். முதல் நாள் கேட்டவுடனே அம்மா, "மழை வரப்போகிறது, மாடியில் கிடக்கும் விறகை உள்ளே எடுத்து வை" என்பார்.

2015 டிசம்பர் முதல் நாள் இரவு ஓடுதளத்துக்குள் வெள்ளம் புகுந்து விமான நிலையத்தை மூடினார்கள். விமான ஓசையே இல்லாத அந்த நாள்களில் எங்களுக்குத் தூக்கமே வரவில்லை.

அப்பா இப்போது இல்லை. அவர் குரல் பதிவான ஒரே கேசட்டில் தேதி எழுதப்படவில்லை. பின்னணியில் ஆகாசவாணியின் காலைச் செய்தி ஓட, தங்கையைத் திருக்குறள் சொல்லச் சொல்கிறார். நடுவில் ஒரு விமானம். பேச்சை நிறுத்தி, அது கடந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்கிறார். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம்.

எத்தனையோ முறை கேட்ட பதிவு. போன மாதம்தான் அந்த ஓசையைக் கவனித்தேன். அது ஏறும் விமானம். எங்கள் பக்கம் விமானம் ஏறினால் காற்று கிழக்கிலிருந்து வருகிறது என்று பொருள்: ஒன்று பிற்பகல் கடல்காற்று, இல்லையென்றால் வாடை. பதிவில் இருப்பதோ கடல்காற்று கிளம்பாத காலை நேரம், ஆகவே வாடைக்காலமாகத்தான் இருக்க வேண்டும். தங்கைக்கு முன்பற்கள் விழுந்திருப்பது உச்சரிப்பில் தெரிகிறது, அது 1993.

கேசட் உறையில் பென்சிலால் எழுதி வைத்தேன்: 'அப்பா. 1993, ஐப்பசி அல்லது கார்த்திகை, காலை.'