பொலேரோவுக்கு எந்த வயர்லெஸ் செட்? வால்பாறை ரூட், இரண்டு வண்டி

டீசல் பொலேரோ:
வணக்கம். நானும் மச்சானும் இரண்டு வண்டியில் குடும்பத்தோடு வால்பாறை, திம்பம் பக்கம் அடிக்கடி போகிறோம். ஆழியாறு தாண்டி அந்த 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பல இடத்தில் போனில் சிக்னலே இருப்பதில்லை, முன்னால் போன வண்டி பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கிறதா, பஞ்சராகி நிற்கிறதா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வழியில்லை. என்னிடம் ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்காக வயர்லெஸ் பேசுவதற்கான உரிமம், அதில் ரெஸ்ட்ரிக்டட் எனும் தொடக்க கிரேடு) இருக்கிறது, மச்சானிடம் இல்லை. வண்டியில் பொருத்துகிற 50 வாட் செட் வாங்கலாமா, அல்லது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற 5 வாட் சீன வாக்கி டாக்கி ஆளுக்கொன்று போதுமா? கூரையில் துளை போட மனசில்லை.

ஹாம் நெல்லை:
வாட் கணக்கை அப்புறம் பார்க்கலாம் சார், எதிர்முனையில் இருப்பவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஹாம்களுக்கான 144–146 மெகாஹெர்ட்ஸில் உங்கள் செட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மச்சான் பதிலுக்குப் பட்டனை அமுக்கக்கூடாது. அவருக்கு இப்போதைக்கு உள்ள வழி 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ். 2018 விதிப்படி அதற்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் அரை வாட்டுக்கு மேல் போகக்கூடாது, செட்டுக்கு ஈடிஏ (அரசின் கருவி ஒப்புதல்) சான்று இருக்க வேண்டும். அந்த 5 வாட் சீன செட்டில் 446-ஐ புரோகிராம் செய்துவிட்டால் சட்டப்படி ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். சோதனையில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், கடைக்காரர் வரமாட்டார்.

27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டும் 5 வாட் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முழு கால் அலை (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு) ஆன்டெனா என்றால் கிட்டத்தட்ட 2.7 மீட்டர். அதைச் சுருட்டிக் குட்டையாக்கி விற்பதில் வீச்சு குறையும், செட்டும் இங்கே எளிதில் கிடைக்காது. நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

டீசல் பொலேரோ:
அரை வாட் மலையில் எடுக்குமா? அதுதான் பயமாக இருக்கிறது.

12 வோல்ட்:
ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேர்பார்வை இருந்தால் நன்றாகவே எடுக்கும். நடுவில் பாறைத் திட்டு வந்தால் 50 வாட்டும் திணறும். அதனால் இரண்டு வண்டியும் இரண்டு மூன்று வளைவுக்குள் இருக்கும்படி ஓட்டுங்கள், வாட்டைக் கூட்டுவதைவிட அது உதவும். வண்டிக்குள் உட்கார்ந்து பேசினால் இரும்புக் கூடு சிக்னலைத் தின்றுவிடும், செட்டைக் கண்ணாடி ஓரமாகப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் கையில் மட்டும் கொடுக்காதீர்கள்.

ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகத் தூரத்து ஹாம் நண்பர்களோடு பேச உங்களுக்கு மட்டும் 50 வாட் செட் வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். காசை முதலில் ஆன்டெனாவில் போடுங்கள். 145-க்கு கால் அலை என்றால் அரை மீட்டர் கம்பிதான், காந்த அடித்தளத்தோடு கூரையின் நடுவில் வைத்தால் துளையே தேவையில்லை. பொலேரோவின் இரும்புக் கூரை அதற்கு அருமையான இடம். வைப்பதற்கு முன் கூரையையும் காந்தத்தின் அடியையும் துணியால் துடையுங்கள், நடுவில் மண் துகள் மாட்டினால் பெயின்ட்டில் வட்டமாகக் கீறல் விழும். கேபிளைக் கதவின் மேல் மூலையில் நசுக்காமல், ரப்பர் பீடிங் மெத்தென்று இருக்கும் கீழ்ப்பக்கமாக உள்ளே விட்டு, வெளியே ஒரு சிறு தொங்கல் விடுங்கள். மழைத்தண்ணீர் கேபிள் வழியே உள்ளே இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும்.

டீசல் பொலேரோ:
நன்றி அண்ணா. கரண்டை சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுக்கலாமா?

12 வோல்ட்:
50 வாட்டுக்குக் கூடாது. பட்டனை அமுக்கியதும் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த சாக்கெட்டின் ஃபியூஸே பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். சிவப்பு ஒயரை நேராக பேட்டரிக்குக் கொண்டுபோங்கள், ஃபியூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும். நடுவழியில் ஒயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது அதுதான். புது மாடல் வண்டி என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சென்சார் இருக்கும், அப்போது கறுப்பு ஒயரை அந்த முனையில் மாட்டாமல் பாடி கிரவுண்டில் மாட்டுங்கள். எல்லாம் முடிந்து எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) பாருங்கள், 1.5-க்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தொட்டால் பட்டனை அமுக்காதீர்கள், செட்டின் ஃபைனல் (கடைசிக்கட்ட பவர் டிரான்சிஸ்டர்) போய்விடும்.

ஹாம் நெல்லை:
மச்சானை ஏஎஸ்ஓசி (ஹாம் லைசென்ஸுக்கான) தேர்வு எழுத வையுங்கள் சார். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது, எலெக்ட்ரானிக்ஸ் அடிப்படையும் விதிமுறையும் படித்தால் போதும். 12 வயது ஆகியிருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எழுதலாம்.

டீசல் பொலேரோ:
சரி, இப்போதைக்கு ஈடிஏ உள்ள அரை வாட் செட் இரண்டு வாங்குகிறேன், 50 வாட் செட்டை மச்சான் பாஸ் ஆனபிறகு பார்க்கலாம். அவர் வண்டி கூரையில் பெரிய சன்ரூஃப் இருக்கிறது, கண்ணாடியில் காந்தம் ஒட்டாதே, அதற்கு என்ன செய்வது?

12 வோல்ட்:
கண்ணாடிக்குப் பின்னால் மிச்சமிருக்கும் இரும்புத் தகட்டில் வைக்கலாம், கொஞ்சம் வீச்சு குறையும், பரவாயில்லை. அதுவும் இல்லையென்றால் டிக்கிக் கதவு விளிம்பில் கடிக்கிற மாதிரி கிளாம்ப் கிடைக்கும். அதன் திருகு பெயின்ட்டைத் தாண்டி இரும்பைத் தொட வேண்டும், இல்லையென்றால் எஸ்டபிள்யூஆர் இறங்கவே இறங்காது.