அப்பா போய் நாலு மாதம், அழுகை வரவில்லை, படிப்பும் ஏறவில்லை

ஹாஸ்டல்வாசி:
இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. நவம்பரில் செமஸ்டர் தேர்வுக்கு நடுவே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். எழுதாமல் விட்ட இரண்டு பேப்பரும் அரியர். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். "இனி நீதான் வீட்டுக்கு எல்லாம், தைரியமா இரு" என்று சொல்லி அனுப்பினார்கள், சரி என்று இருந்துவிட்டேன். நண்பர்களோடு சிரிக்கிறேன், மேட்ச் பார்க்கிறேன், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒரு மணி நேரமாக அதே பக்கம். எனக்குப் பாசமே இல்லையோ?

மலைக்கோட்டை:
தம்பி, அழாததும் சிரிப்பதும் பாசமில்லாததற்கு அடையாளம் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்து ஜார்ஜ் போனான்னோ துணையை இழந்தவர்களைப் பல ஆண்டு ஆராய்ந்தவர். நிறைய பேர் துக்கத்துக்கு நடுவிலும் வேலை செய்கிறார்கள், சிரிக்கிறார்கள், அது நடிப்பும் இல்லை என்பதுதான் அவர் கண்டது. என் அம்மா போனபோது நானும் அழவில்லை. ஏழு மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில், அதுவும் சர்க்கரைக்கு நிற்கும்போது அழுதேன்.

நோட்டுக்காரி:
எழுதிப் பார். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிடம், மனதை அழுத்தியதை எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு இன்னும் சோர்ந்துதான் போனார்கள், ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தே போடு.

பழைய வாத்தியார்:
எழுதுவது எல்லாருக்கும் ஒத்துவராது, மனம் தாங்காவிட்டால் நிறுத்திவிடப்பா. எனக்கு முதலில் கண்ணில் படுவது அரியர்தான். நீ தோற்கவில்லை, தேர்வுக்கே போகவில்லை, ஆனால் மார்க் ஷீட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதனால் கிளாஸ் அட்வைசரிடம் நீயே போய்ச் சொல். இந்த முறை ஒரு அரியரை மட்டும் எழுது, இன்னொன்று அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம். தூக்கமோ சாப்பாடோ கெட்டால், சாகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் உடனே 14416க்குப் பேசு. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

ஹாஸ்டல்வாசி:
நன்றி. தூக்கம் பரவாயில்லை. அட்வைசரிடம் நாளைக்குப் போகிறேன். ரேஷன் கடை விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா. அப்பாவின் பைக் சாவி இன்னும் என் பேக்கில்தான் இருக்கிறது, ஊரில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.