தோப்பு வண்டியின் வலது பக்கச் செயின்

*குழு: ஆனைமலை சொந்தங்கள்*

கார்த்தி, காலை 7:42
மாமா, தோப்பு வண்டியில் வலது பக்கம் டக் டக்கென்று அடிக்கிறது. திருப்பும்போது ஒரு உதறல் வேறு. தரைப்பலகையைக் கழற்றினால் முன் அச்சுக்குப் போகிற செயின் தொங்குகிறதுங்க.

பெரியப்பா, 7:50
எந்த வண்டி கண்ணு? அந்த ஆறு சக்கரத் தொட்டி வண்டியா?

சுமதி அத்தை, 7:51
அதேதான் அண்ணா. நிலத்திலும் போகும், தண்ணியிலும் போகும் என்று வாங்கினானே. இப்போது தோப்பிலேயே நிற்கிறது.

பட்டறை மாமா, 8:05
முதலில் சாவியை எடு மாப்ளே, விரல் போகிற இடம் அது. சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிக் கட்டை கொடு. நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்று. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ரொம்ப இறுக்கமாக வருகிற இடத்தில் நிறுத்தி, அங்கே தொய்வு பார்.

கார்த்தி, 8:41
இறுக்கமான இடத்திலேயே ஒன்றரை அங்குலம் ஆடுகிறதுங்க. இடது பக்கம் அரை அங்குலம்தான்.

பிரபு, 8:43
ஒரு லிங்கை வெட்டி எடுத்தால் வேலை முடிந்தது அண்ணா 😎

பட்டறை மாமா, 8:47
ஒரு லிங்க் மட்டும் எப்படி எடுப்பாய் பிரபு? உள் லிங்க், வெளி லிங்க் மாறி மாறித்தான் கோத்திருக்கும். எடுத்தால் ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். ஒன்று குறைக்க ஆஃப் லிங்க் (ஒரு முனை உள் லிங்க் மாதிரி, மறுமுனை வெளி லிங்க் மாதிரி இருக்கும்) கிடைக்கும், ஆனால் மொத்தச் செயினில் பலம் குறைந்த இடம் அதுவாகிவிடும். இந்த வண்டிக்கு ஸ்டீயரிங் என்று முன்சக்கரம் திரும்பாது. ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கத்தை ஓடவிட்டுத்தான் திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் செயினுக்கு நல்ல இழுவை. அங்கே ஆஃப் லிங்க் போட எனக்கு மனசு வராது.

கார்த்தி, செயின் பிளேட்டில் என்ன நம்பர்?

கார்த்தி, 8:52
50 என்று இருக்கிறது.

பட்டறை மாமா, 8:58
அப்படியென்றால் பிட்ச், அதாவது ஒரு பின்னுக்கும் (pin) அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், 15.875 மி.மீ. 20 பிட்ச் எண்ணி, இழுத்துப் பிடித்து, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை ஸ்கேல் வை. புதுச் செயினில் 317.5 வரும். 324 வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு நீள்வதில்லை. பின்னும் அதைச் சுற்றியிருக்கிற புஷ்ஷும் தேய்ந்து மூட்டுக்கு மூட்டு இடைவெளி விழுகிறது.

கார்த்தி, 9:20
இரண்டு பக்கமும் 319 தானுங்க.

பட்டறை மாமா, 9:22
அப்புறம் செயின் மேல் ஏன் பழி? தேய்மானம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், தொய்வு மட்டும் ஒரு பக்கம். ஏதோ இடம் நகர்ந்திருக்கிறது. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைப் பார். அது சரியாக இருந்தால் அச்சு பேரிங்கைப் பிடிக்கிற போல்ட்களைப் பார்.

கார்த்தி, 9:36
[படம்]
டென்ஷனர் லாக் நட் கையிலேயே சுற்றுகிறது மாமா! செயினை அழுத்துகிற டென்ஷனர் கட்டை முழுசாகக் கீழே இறங்கிவிட்டது.

சுமதி அத்தை, 9:37
பிரபு, அரத்தைக் கீழே வை.

பட்டறை மாமா, 9:45
😂 இரண்டு லிங்க் வெட்டினால் 32 மில்லி போயிருக்கும், கோக்கவே வந்திருக்காது.

சரி, டென்ஷனர் கட்டையை ஏற்றி இடது பக்க அளவுக்குக் கொண்டுவா. மேனுவலில் வேறு அளவு போட்டிருந்தால் அதை எடு. விறைப்பாக இழுத்துவிடாதே, பேரிங்கைத் தின்றுவிடும். நட்டு கழலாமல் பிடிக்கிற பசை, த்ரெட் லாக்கர், ஒரு சொட்டு விட்டு முறுக்கு. மறுபடி ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்.

செயின் ஓடுகிற பல்சக்கரம், ஸ்பிராக்கெட், அதன் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா? இணைப்பு லிங்க் கிளிப்பில் மூடிய முனைதான் செயின் ஓடுகிற பக்கம் பார்க்க வேண்டும். தொட்டிக்குள் தண்ணி நின்றிருந்தால் ஆயில் கழுவிப் போயிருக்கும், துடைத்துவிட்டு புது ஆயில் விடு.

கார்த்தி, 11:10
பல் நன்றாக இருக்கிறதுங்க, கிளிப்பும் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் அரை அங்குலம். தோப்பை ஒரு சுற்று சுற்றி வந்தேன், சத்தமே இல்லை.

பட்டறை மாமா, 11:14
கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி தொட்டுப் பார். குளத்தில் இறக்குவதாக இருந்தால் தொட்டித் தண்ணியை வடிக்கிற ஓட்டையை அடைக்கிற டிரெயின் பிளக்கைப் போட்டாயா என்று இரண்டு தரம் பார்.

பெரியப்பா, 11:30
குளம் என்றதும்தான் ஞாபகம். மதகுப் பக்கம் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வண்டியை விட்டு இழுத்துவிடலாமா?

பட்டறை மாமா, 11:33
வேண்டாமுங்க மச்சான். வேரும் தண்டும் அச்சில் சுற்றினால் தண்ணி உள்ளே வராமல் தடுக்கிற சீல் போய்விடும். தண்ணி நேராகத் தொட்டிக்குள் வந்துவிடும். கரையில் நின்று அள்ள ஆள் விடுங்க.