மெதடிஸ்த திருவிருந்துக்குப் போகாமல் இருந்தது சரியா?

புளியந்தீவுப் பெண்:
நான் கத்தோலிக்கம். கணவர் வீட்டார் மெதடிஸ்தம், புரட்டஸ்தாந்து சபைகளில் ஒன்று. 1814 இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கிய சபை. போன ஞாயிறு மாமியோடு ஆராதனைக்குப் போனேன். அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்துக்கு எல்லோரும் எழும்பிப் போக, நான் மட்டும் வாங்கிலேயே இருந்துவிட்டேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் மனதை அறுக்கிறது.

வாவிக்கரை அண்ணா:
சரிதான் தங்கச்சி. ஒரே பந்தியில் நற்கருணை, அதாவது திருவிருந்து, உண்பது முழு ஒன்றிப்பின் அடையாளம். அது இன்னும் கைகூடாததால்தான் நம் திருச்சபை காத்திருக்கச் சொல்கிறது. அதற்காக மாமி அந்நியர் இல்லை. 1964 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்களின் பேரவை, அவர்களைப் பிரிந்த சகோதரர் என்றே அழைத்தது. தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவி பெயராலும் அவர்கள் கொடுக்கும் திருமுழுக்கை நாம் ஏற்கிறோம், மறுபடி கொடுப்பதில்லை.

கல்லடி வாசகர்:
1999 இல் கத்தோலிக்கரும், மார்ட்டின் லூத்தர் வழிவந்த லூத்தரன்களும் கடவுளின் கிருபையால்தான் மீட்பு என்ற கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006 இல் மெதடிஸ்தர்களும் சேர்ந்தார்கள். லூத்தர் காலத்தில் திருச்சபை பிளந்ததற்கு வேரே அந்தக் கருத்து வேறுபாடுதானே!

புளியந்தீவுப் பெண்:
நன்றி அண்ணா. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புச் செப வாரம் வருகிறது. மாமியை மரியாள் பேராலயத்துக்குக் கூப்பிடப் போகிறேன். கர்த்தர் கற்பித்த செபத்தையாவது இருவரும் சேர்ந்து சொல்லலாம்.