செட்டிநாட்டு விடுதிகளில் ஆண்களின் விடுமுறை உடை: லினனா, கண்டாங்கியா?

வளவுவாசி:
பழைய நகரத்தார் வீடுகளை விடுதியாக நடத்துவோருக்கு ஆண்களின் விடுமுறை உடைகளைத் தைத்துக் கொடுக்கவிருக்கும் காரைக்குடி நண்பர் ஒருவர், இத்தாலி, கிரேக்கக் கடலோரங்களில் அணியும் தொளதொளப்பான லினன் சட்டையையும் நாடா வைத்த கால்சட்டையையும் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று சொல்லி விற்கலாமா என்று கேட்டார். தாராளமாக விற்கலாம் என்பது என் கருத்து. லினனுக்கான ஆளிச்செடி பெரும்பாலும் மழையை நம்பியே வளர்கிறது. அதை வேரோடு பிடுங்கி வயலிலேயே பரப்பிவிடுகிறார்கள். பனியும் மழையும் பட்டுத் தண்டோடு நாருக்கு உள்ள பிடி தளர்கிறது; பிறகு எந்திரத்தில் நாரைப் பிரித்தெடுக்கிறார்கள். வியர்வையை உறிஞ்சி விரைவில் உலரும் அத்துணி நம் சித்திரை வெயிலுக்கும் ஏற்றது.

தறிவீட்டுப்பிள்ளை:
ஐயா, அந்த வயல்கள் மத்தியதரைக் கடலோரத்தில் இல்லை; பிரான்சின் நார்மண்டி முதல் பெல்ஜியம், நெதர்லாந்து வரை, வடக்கே உள்ளன. அங்கு விளையும் நாரில் பெரும்பகுதி சீனாவுக்கோ இந்தியாவுக்கோ கப்பலேறி, நூலாகி, துணியாகி, பிறகுதான் கடைக்கு வருகிறது. காரைக்குடிக் கண்டாங்கி என்னும் கைத்தறிப் பருத்திச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டமும் அகலக் கரையுமாக அரக்கிலும் கடுகு மஞ்சளிலும் நெய்யும் கைகள் இவ்வூரிலேயே இருக்கும்போது, ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த வளவில், அதாவது நடுமுற்றத்துத் தாழ்வாரத்தில், உட்காரும் விருந்தினருக்கு ஐரோப்பியக் கடலோரத்தை ஏன் உடுத்திவிட வேண்டும்?

வளவுவாசி:
தம்பி, கைத்தறி என்பதாலேயே ஒரு துணி தூயதாகிவிடாது. தறிக்கு மின்சாரம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதில் ஏறும் நூல் ஆலையில் நூற்றது, அந்த ஆலைக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி. சாயத்தையும் மறக்கக் கூடாது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாழானதால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் அனைவரும் அறிவோம். சாயமிடாத லினனுக்கு அந்தப் பழி கிடையாது.

கத்தரிக்கோல்:
தையல் தொழிலில் இருப்பதால் இருவரிடமும் ஒன்று சொல்கிறேன். 'நூறு சதவீதம் இயற்கை' என்று சீட்டு ஒட்டி வரும் சட்டையின் காலரைப் பிரித்துப் பாருங்கள்: உள்ளே விறைப்புக்காகப் பசை தடவி ஒட்டும் செயற்கை உள்துணியான ஃபியூசிங் இருக்கும், தையல் நூல் பாலியெஸ்டராக இருக்கும், பொத்தான் பிளாஸ்டிக்காக இருக்கும். காலருக்கு அதே துணியை இரண்டு மடிப்பாக வைத்து, பருத்தி நூலில் தைத்து, சிரட்டைப் பொத்தான் வைக்கலாம். விறைப்பு குறையும், விடுமுறைச் சட்டைக்கு விறைப்பு எதற்கு? தையலோரத்தில் சற்று அதிகத் துணி விட்டுத் தைத்தால், உடல் பெருத்தாலும் பிரித்துத் தைத்துப் பல ஆண்டுகள் உடுத்தலாம்.

தறிவீட்டுப்பிள்ளை:
கத்தரிக்கோல் ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வளவுவாசி ஐயா சாயமிடாத லினனைச் சாயமிட்ட பருத்தியோடு ஒப்பிடுகிறார். அது சரியான ஒப்பீடாகாது. கரிசல் நிலத்தில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணிப் பருத்தியைச் சாயமிடாமல் நெய்தால், நீர்ச் செலவிலும் பூச்சிமருந்துப் பயன்பாட்டிலும் லினனுக்கு அது எந்த வகையில் குறைந்தது? நண்பரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சேலையை வாங்கி வெட்ட வேண்டாம், முந்தியும் கரையும் துண்டுகளாக வீணாகும். சட்டைக்கு வேண்டிய அளவைக் கொடுத்து, பொத்தான் பட்டியில் வந்து விழும்படி கரை வைத்து நெய்யச் சொல்லி, முன்பணம் கொடுத்தால் நெய்து தருவார்கள்.

வளவுவாசி:
கருங்கண்ணி நூல் தொடர்ந்து, ஒரே தரத்தில் கிடைக்குமா என்பதுதான் என் ஐயம். விடுதிக்காரர் பருவம் தொடங்குமுன் சரக்கைக் கேட்பார், தாமதத்தைப் பொறுக்க மாட்டார். கிடைக்குமென்றால் சட்டையைக் கண்டாங்கியில் தைக்கச் சொல்கிறேன்; கால்சட்டைக்கு லினன்தான் வேண்டுமென்பதில் மாற்றமில்லை.