ஃபார்வர்டா, ரீடைரக்டா? சர்வரில் மட்டும் லாகின் பக்கத்துக்குத் தள்ளுகிறது

வணக்கம் நண்பர்களே. ஆம்பூரில் ஒரு ஷூ யூனிட்டுக்காக, வேலூர் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா வெப் ஃபிரேம்வொர்க்) ஆர்டர் பதியும் பக்கம் எழுதுகிறேன்.

முதலில், சேமித்ததும் அடுத்த பக்கத்துக்கு ஃபார்வர்ட் செய்திருந்தேன். அது சர்வருக்குள்ளேயே நடப்பதால் பிரவுசருக்கு ஒன்றும் தெரியாது. மேலே பழைய முகவரியே நின்றது. அங்கே ஒருவர் எஃப்5 தட்ட, 200 ஜோடி இரண்டு முறை பதிவாகிவிட்டது. கம்பெனியில் அர்ச்சனை எனக்குத்தான்.

ரீடைரக்டுக்கு மாற்றினேன். ‘வேறு முகவரிக்குப் போ’ என்னும் 302 பதில் கிடைத்ததும் பிரவுசரே புதிதாகக் கேட்கிறது, இரட்டைப் பதிவு நின்றது. ஆனால் ரிக்வெஸ்டில் வைத்த ‘சேமிக்கப்பட்டது’ மெசேஜைக் காணோம். சரி, புது ரிக்வெஸ்ட் ஆயிற்றே என்று அடுத்த ரிக்வெஸ்ட் வரை மட்டும் தங்கும் ஃபிளாஷ் ஆட்ரிபியூட்டில் வைத்தேன். என் லேப்டாப்பில் அழகாக வருகிறது.

சர்வரிலோ, சேமித்ததும் லாகின் பக்கம் வந்து நிற்கிறது! எஃப்12 தட்டிப் பார்த்தால், போக வேண்டிய முகவரியைச் சொல்லும் லொகேஷன் ஹெடரில் எச்டிடிபிஎஸ்-க்குப் பதிலாக வெறும் எச்டிடிபி. ஆப்புக்கு முன்னால், ரிக்வெஸ்டுகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் இருக்கிறது. எச்டிடிபி-க்கான 80-ஆம் போர்ட்டும் அதே ஆப்புக்குத்தான் போகிறது. லாகினை நினைவில் வைக்கும் செஷன் குக்கிக்கு செக்யூர் (எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் போகும்) போட்டிருப்பதால் அது அந்த வழியில் போகவில்லை என்று நினைக்கிறேன்.

என்ஜின்எக்ஸில், வந்தது எச்டிடிபிஎஸ் என்று ஆப்புக்குச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரை அனுப்பியும் மாற்றமில்லை. ஸ்பிரிங் பூட்டில் அந்த ஹெடரை யார் படிப்பது என்று சொல்லும் ஃபார்வர்ட் ஹெடர்ஸ் ஸ்ட்ராட்டஜியை நேட்டிவ் (ஆப்புக்குள் இருக்கும் வெப் சர்வர்) என்று வைப்பதா, ஃபிரேம்வொர்க் (ஸ்பிரிங்) என்று வைப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலையில் கம்பெனிக்குக் காட்ட வேண்டும்.