பசிக்காகத் தின்பதில்லை: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

மலர்விழி:
என் அக்காவைப் பற்றித்தான். எடை, சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் அவளுக்கு உண்டு. தீபாவளி கழிந்து பல நாள் ஆகியிருந்தது. நடு இரவில் தண்ணீர் குடிக்கப் போனால், சமையலறையில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருக்கிறாள், கை முறுக்கு டின்னுக்குள். கடிக்கும் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் வாயில் ஊறவைத்து விழுங்கினாள். என்னைப் பார்த்ததும், "சிக்கு வாடை அடிக்கிறது, நன்றாகவே இல்லை" என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்தாள்.

செந்தில்:
குடியைப் போலத்தான் இதுவும். இதய அறுவை முடிந்து வந்த சித்தப்பா, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பரோட்டாப் பொட்டலம் ஒளித்துவைத்தார். 2010-இல் ஜான்சன், கென்னி என்ற ஆய்வாளர்கள் எலிகளைக் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த தீனி போட்டுப் பருக்க வைத்தார்கள். மின்அதிர்ச்சி வரப்போகிறது என்று காட்டும் விளக்கு எரிந்தபோதும் அவை தின்பதை நிறுத்தவில்லை. குண்டாக இருப்பவர்கள் எல்லாரும் உணவுக்கு அடிமைகளே.

தேன்மொழி:
எல்லாருமா? செந்தில், கொஞ்சம் பொறுங்கள். உணவுக்கு அடிமையாவதை அளக்க அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2009-இல் உருவாக்கிய கேள்வித்தாளைக் கொண்டு நடந்த ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தார்கள். எடை மிகுந்தவர்களில் சுமார் 25 விழுக்காட்டினருக்கே அந்த அறிகுறிகள் இருந்தன. சரியான எடை உள்ளவர்களிலும் 11 விழுக்காட்டினருக்கு இருந்தன. விடுதியில் என் அறைத்தோழி குச்சி போல இருப்பாள். துணி துவைக்க எடுத்தபோது அவளுடைய தலையணை உறைக்குள்ளிருந்து கொட்டியவை அத்தனையும் காலி பிஸ்கட் உறைகள். அவளை யார் சந்தேகப்பட்டார்கள்?

கணேசன்:
மிக்சர் விஷயத்தில் எனக்கும் இது உண்டு, அது கிடக்கட்டும். மலர்விழி, முதலில் இரவில் சமையலறையைப் பூட்டுங்கள். காலையில் கம்பங்கூழ் கொடுங்கள். சாப்பிடும்போது தொலைக்காட்சி கூடாது. பாக்கெட் தீனி வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. 2019-இல் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 20 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துப் பார்த்தார்; ஆலைத் தயாரிப்பு உணவு கொடுத்த இரண்டு வாரங்களில், அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். தட்டையும் சிறியதாக்குங்கள். மாலையில் கட்டாயம் நடக்கச் சொல்லுங்கள். மோரில் வெந்தயம் ஊறப்போட்டு...

மலர்விழி:
கணேசன் அண்ணா, பூட்டியும் பார்த்தாயிற்று. அம்மாவின் தலையணைக்கு அடியிலிருந்து சாவி போய்விடுகிறது. முறுக்கும் பாக்கெட் இல்லை, அம்மா சுட்டது. இப்போது மனநல மருத்துவரிடம் போக அக்காவே சம்மதித்திருக்கிறாள். இதற்காக அப்படிப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். உள்ளே என்னென்ன கேட்பார்கள், கூட ஒருவர் உட்கார விடுவார்களா?